வடசென்னை ஓவியருக்குக் கூலி உண்டு, விலை?

காசிமேட்டில் படகின் முகப்பில் பெயரும் மாதா படமும் எழுதுகிறவர் வாங்குவது கூலி. வண்ணாரப்பேட்டையில், இறந்துபோன அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை நீட்டி, ‘கொஞ்சம் பெருசா வரைஞ்சு குடுங்கண்ணே’ என்று கேட்கும் குடும்பத்துக்கு வரைந்து கொடுப்பவர் வாங்குவதும் கூலிதான். வியாசர்பாடியில் சுவரில் தலைவர் முகத்தை வரைபவருக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. இவர்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடி நிழலில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, மனசில் கிடந்த ஒன்றைக் கேன்வாஸில் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படத்துக்கு யாரும் கூலி தரப்போவதில்லை. அதற்கு விலைதான் வைக்க வேண்டும். அந்த விலையை யார் வைப்பது, எதை வைத்து வைப்பது, யார் வந்து வாங்குவது? வடசென்னையில் கை தேர்ந்த ஓவியர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்கள் குறைவு. ஓவியர்களும் சரி, வாங்க ஆசைப்படுகிறவர்களும் சரி, தடுமாறுவது இங்கேதான்.

ஓவியத்தின் விலை என்றதும் செய்திகளில் அடிபடுவது கோடிகள். 2025 மார்ச்சில் எம்.எஃப். ஹுசைன் 1954-ல் வரைந்த ‘கிராம யாத்திரை’ நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் ஏறக்குறைய 1.38 கோடி டாலருக்குப் போனது. நம் பணத்தில் 118 கோடி ரூபாய். அதே ஆண்டு செப்டம்பரில் வி.எஸ். கைதொண்டே வரைந்த ஒரு படம் இந்திய ஏலத்திலேயே 67 கோடியைத் தாண்டியது. இந்தச் செய்திகளைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஹுசைன் 2011-ல் இறந்துவிட்டார், கைதொண்டே 2001-லேயே போய்விட்டார். ஏலத்தில் கைமாறுவது எப்போதோ விற்ற படம். அந்தக் கோடிகள் படத்தை வைத்திருந்தவருக்கும் ஏலக் கம்பெனிக்கும் போகின்றன. உயிரோடு இருக்கும் ஓவியர் சோறு தின்பது முதல் விற்பனையில். படம் அவர் கையை விட்டு முதல்முறை போகும்போது வருகிற பணம்தான் அவருடைய அடுத்த மாத வாடகை, அடுத்த கேன்வாஸ், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாமே.

இதே ஹுசைன் இளம் வயதில் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். சதுர அடிக் கூலிக்கு வரைந்த கைதான் பிற்பாடு அந்தப் படங்களையும் வரைந்தது. கை மாறவில்லை. வரைந்ததை என்ன பெயரில், யாரிடம், எந்தக் கணக்கில் கொடுத்தார் என்பது மாறியது.

தெற்கே நகர்ந்த கலை

நாட்டின் மிகப் பழைய கலைப் பள்ளி வடசென்னையில்தான் பிறந்தது என்பது இங்கே வாழ்கிற பலருக்கே தெரியாது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் பிராட்வேயில், அதாவது இன்றைய பிரகாசம் சாலையில், தன் சொந்த முயற்சியில் அதைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் அரசு அதை எடுத்துக்கொண்டு ‘தொழிற்கலைப் பள்ளி’ என்று பெயர் வைத்தது. பெயரிலேயே நோக்கம் தெரிகிறது. மண்பாண்டம், உலோக வேலை, மர வேலை, அச்சுக்குப் படம் செதுக்குவது என்று நல்ல கைவேலைக்காரர்களை உருவாக்குவதுதான் அன்றைய அரசுக்கு வேண்டியிருந்தது. தன் பெயரைப் போட்டுத் தன் படத்தை விற்கும் ஓவியர் அந்தத் திட்டத்தில் இல்லை.

அப்புறம் பள்ளி பெரியமேட்டுக்குப் போனது. இன்று ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான். 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவரானார். மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவரிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கர் 1944-ல் சில ஓவியர்களைச் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார், 1957-ல் கல்லூரியின் முதல்வரானார். மாணவர்கள் படித்து முடித்ததும் வேலை தேடி அலைந்து ஓவியத்தையே விட்டுவிடுவது அவரை உறுத்தியது. பாத்திக் துணி (மெழுகு தடவிச் சாயமேற்றிய துணி) முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து, 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அவரும் மாணவர்களும் உண்டாக்கினார்கள். பகலில் பாத்திக், மிச்ச நேரத்தில் ஓவியம். வயிற்றுக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டதால் யாருக்காகவும் படத்தை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. இந்தியாவில் ஓவியர்கள் தாங்களே கட்டிய ஏற்பாடுகளில் இதற்கு இணையாகச் சொல்ல எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

ஆனால் ஊர் வரைபடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். பிராட்வே, பெரியமேடு, ஈஞ்சம்பாக்கம். கலை தெற்குப் பக்கமாகவே போயிருக்கிறது. விற்பனையும் அதன் பின்னாலேயே போனது. சென்னையின் பெயர்பெற்ற கேலரிகள் நுங்கம்பாக்கம், மயிலாப்பூர், அடையாறு, ஈ.சி.ஆர். பக்கம்தான். மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதமியின் மண்டல மையம் 1978 முதல் கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது. அங்கே கூடத்துக்கு வாடகை கட்டி யார் வேண்டுமானாலும் கண்காட்சி வைக்க விண்ணப்பிக்கலாம் என்பதால் புதியவர்களுக்கு அதுதான் முதல் வாசல். திருவொற்றியூரிலிருந்து அங்கே படங்களைக் கொண்டுபோக ஒரு டெம்போ பிடிக்க வேண்டும், கண்காட்சி நடக்கும் நாள் முழுக்க அங்கேயே உட்கார வேண்டும், அந்த நாள்களின் கூலியை விட வேண்டும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு ஓவியர் போய்வருவது எளிதாகிவிட்டது. நாலடிப் படத்தைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் ஏற முடியாதே.

இன்னொரு பக்கம், இங்கே இருந்த பிழைப்பும் போயிற்று. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர் தியேட்டர்களுக்குக் கையால் வரைந்த பேனர்கள் ஒரு தலைமுறைக்கே சோறு போட்டன. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃப்ளெக்ஸ் அச்சு வந்து, ஒரு வாரம் வரைந்ததை ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுக்கத் தொடங்கியது. 2009-10 வாக்கில் மாநகராட்சி அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகளின் சுவர்களில் போஸ்டரை நீக்கிவிட்டுத் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் சொன்னபோது, வேலை இல்லாமல் இருந்த பேனர் ஓவியர்கள் கொஞ்ச காலம் மூச்சு விட்டார்கள். அதுவும் சதுர அடிக் கூலிதான். படத்தின் மூலையில் பெயர் போட்டவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. இன்று அந்தச் சுவர்களில் எது யார் வரைந்தது என்று சொல்லத் தெரிந்தவர் அரிது.

சட்டம் பார்க்கும் வித்தியாசம்

கூலிக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைத்தால் தவறு. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் ஒவ்வொரு ஓவியரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இடம் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி ஓவியத்தை வரைந்தவரே அதன் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர். படத்தை விற்றாலும் அந்த உரிமை ஓவியரிடமே இருக்கும். வாங்கியவருக்குச் சொந்தமாவது அந்தக் கேன்வாஸ். அதைச் சுவரில் மாட்டலாம், பரிசாகக் கொடுக்கலாம், திருப்பி விற்கலாம். அதை போட்டோ எடுத்துக் காலண்டராகவோ சட்டையிலோ அச்சடித்து விற்க ஓவியரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். இந்த உரிமை ஓவியரின் வாழ்நாள் முழுக்கவும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

ஆனால் அதே 17-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியமோ உருவப்படமோ என்றால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரை, வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். அப்பா படத்தை வரைந்து கொடுத்த வண்ணாரப்பேட்டை ஓவியருக்கு அந்தப் படத்தில் பதிப்புரிமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தனக்காக வரைந்த படத்தில் உண்டு.

இதற்கு அடுத்த கண்ணியாக 1994 திருத்தத்தில் சேர்ந்த 53ஏ பிரிவு வருகிறது. ஓர் அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், வரைந்தவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ அந்தத் தொகையில் பங்கு கேட்கும் உரிமை உண்டு. பங்கு அதிகபட்சம் 10 சதவீதம். பிரான்ஸ் 1920-லேயே இப்படி ஒரு சட்டம் போட்டது. ஓவியர் வறுமையில் விற்ற படம் பிற்காலத்தில் யாரையோ பணக்காரர் ஆக்கும்போது, அவர் குடும்பத்துக்கும் ஒரு பிடி போக வேண்டும் என்பதுதான் இதன் நியாயம். நம் சட்டத்திலோ ஒரு நிபந்தனை: ஓவியர் 17-வது பிரிவின்படி முதல் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். பிறர் சொல்லி வரைந்த படத்தில் முதல் உரிமை இல்லாததால், மறுவிற்பனைப் பங்கும் இல்லை. ஆக, கூலிக்கு வரைந்தவர் ஒரே கையெழுத்தில் இரண்டையும் இழக்கிறார். பெரும்பாலும் அந்தக் கையெழுத்தைக்கூட யாரும் கேட்பதில்லை, வாய்ப்பேச்சோடு முடிந்துவிடுகிறது.

சட்டத்தில் இருப்பது நடப்பில் சுலபமாகக் கிடைத்துவிடுவதில்லை. படங்கள் வீட்டுக்கு வீடு சத்தமில்லாமல் கைமாறுகின்றன. எது எங்கே போனது என்று ஓவியரிடமே கணக்கு இருக்காது. முதல் விற்பனையின்போது ஒரு ரசீதும் அதற்கு ஒரு நகலும் இருந்தால்தான் பின்னால் எதையாவது பேச முடியும். ஆர்டருக்கு வரைகிறவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. ‘இந்தப் படத்தின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்’ என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும், விலக்கு பொருந்தாது. அப்பா படத்துக்கு அது தேவைப்படாமல் போகலாம். ஹோட்டல் சுவருக்கோ மருத்துவமனைக் கூடத்துக்கோ பெரிய படம் வரைகிறவருக்குக் கட்டாயம் தேவை.

விலை எப்படி வருகிறது

பெரும்பாலான ஓவியர்கள் ஆரம்பத்தில் சதுர அங்குலக் கணக்கில் விலை வைக்கிறார்கள். எண்களோடு பார்த்தால்தான் விளங்கும், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானே வைத்துக்கொண்டவை. 24-க்கு 36 அங்குலக் கேன்வாஸ் என்றால் 864 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 20 ரூபாய் என்றால் 17,280 ரூபாய். கேட்கப் பெரிய தொகையாகத் தெரியும். கேலரி வழியாக விற்றால் கமிஷன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போகும். 40 சதவீதம் என்று வைத்தால் 6,912 ரூபாய் போயிற்று. மீதி 10,368. நல்ல கேன்வாஸ், வண்ணம், பிரேம், வண்டிக் கூலிக்கு 4,000 கழித்தால் கையில் 6,368. அந்தப் படத்துக்குப் பன்னிரண்டு நாள் உழைத்திருந்தால் ஒரு நாளைக்கு 530 ரூபாய் சொச்சம். அதே பன்னிரண்டு நாளும் சுவர் எழுதப் போயிருந்தால், நாள் கூலி ஆயிரம் என்று வைத்தாலும், பன்னிரண்டாயிரம் கிடைத்திருக்கும்.

வடசென்னை ஓவியர் தன் படத்தை வரையாமல் கூலி வேலைக்குப் போவதற்குச் சோம்பலோ தைரியக் குறைவோ காரணமில்லை. இந்தக் கணக்குதான் காரணம். முதல் சில ஆண்டுகள் ஓவியம் கூலியைவிடக் குறைவாகவே தரும். பிறகு அது மேலே போக ஒரே வழி, அங்குல விலை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது. கூலி அப்படி ஏறாது. நாற்பது வயதில் வாங்கிய சுவர்க் கூலியைத்தான் அறுபதிலும் வாங்க முடியும், அதுவும் சாரத்தில் ஏறத் தெம்பு இருந்தால்.

கேலரிக்காரர் பாதி எடுக்கிறாரே என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டட வாடகை, விளக்கு, படப்பட்டியல் அச்சு, காப்பீடு, வாங்குகிறவர்களின் தொடர்பு எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. ஒழுங்கான கேலரி ஓவியரின் விலையையும் காக்கும், யார் வந்து பேரம் பேசினாலும் இறக்காது. நியாயமில்லாத கேலரி எது என்றால், விற்ற பணத்தை மாதக்கணக்கில் தராமல் இழுப்பது, வாங்கியவர் யார் என்று ஓவியரிடம் சொல்லாமல் மறைப்பது. இரண்டையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தப் படம், என்ன விலை, எத்தனை சதவீதம், விற்ற எத்தனை நாளில் பணம், விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

விலையை ஒருமுறை சொன்னபின் இறக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பெரிய விதி. கேலரியில் 17,000-க்குத் தொங்கும் படத்தின் ஜோடியை வீட்டில் 8,000-க்குக் கொடுத்தால், முதலில் வாங்கியவர் ஏமாந்தவர் ஆகிவிடுகிறார். பெயர் ஒருமுறை இப்படிக் கெட்டால் திரும்ப எழுவது கடினம். பண நெருக்கடியில் இருக்கும் ஓவியருக்கு இதைக் கடைப்பிடிப்பது பெரும்பாடு என்பது எனக்குத் தெரியும். அதற்குச் சின்ன அளவுப் படங்கள் கைகொடுக்கும். விலையைக் குறைப்பதற்குப் பதில் அளவைக் குறைத்து, காகிதத்தில் வாட்டர்கலராகவோ பேனாச் சித்திரமாகவோ ஆயிரம், இரண்டாயிரத்துக்கு வைக்கலாம். அங்குல விலை காப்பாற்றப்படும், ஆசிரியரோ நர்ஸோ சம்பளத்தில் வாங்கக்கூடிய படமாகவும் இருக்கும்.

வரியிலும் ஒரு நல்லது நடந்திருக்கிறது. கையால் வரைந்த ஓவியங்களுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது.

எதை வரைந்தால் விற்கும்?

தமிழ்நாட்டில் வீட்டுச் சுவருக்கு விற்கும் படங்களில் முக்கால்வாசி கிராமம்தான். குடத்தோடு நிற்கும் பெண், கோயில் கதவு, காளை, திண்ணை. 2021 ஜூனில் கொரோனாவில் இறந்துபோன எஸ். இளையராஜா தமிழ்ப் பெண்களைப் போட்டோவோ என்று திகைக்கும்படி வரைந்து, பத்திரிகைகள் வழியாகவே லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தெரிந்தவரானார். அந்தப் படங்களில் இருந்த அன்பும் உழைப்பும் உண்மையானவை. அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் பலர், தாங்கள் பார்த்தே இராத கிராமத்தை வரைகிறார்கள். கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்த பையன் ஏற்றம் இறைக்கும் கிழவரை வரைவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவன் பார்த்தது ரயில்வே கேட்டில் காத்து நிற்கும் மீன்பாடி வண்டி, எண்ணூரின் புகைபோக்கி, வாரியக் குடியிருப்பின் படிக்கட்டு, கேரம் போர்டைச் சுற்றிக் குனிந்த தலைகள், பக்கிங்காம் கால்வாயின் கரிய தண்ணீர், பாக்ஸிங் கிளவுஸைத் தோளில் தொங்கவிட்டு நடக்கும் தங்கச்சி. இவற்றை வேறு ஊர் ஓவியர் வந்து வரைந்தால் வேடிக்கை பார்த்ததாகத்தான் இருக்கும்.

‘இதையெல்லாம் யாருங்க வீட்ல மாட்டுவாங்க?’ என்று ஓவியர்களே கேட்கிறார்கள். மாட்டுவார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். ராயபுரத்திலிருந்து வேலைக்காக ஓஎம்ஆர் பக்கம் குடிபோனவர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் என்று இந்த ஊரைச் சுமந்துகொண்டு திரிகிறவர்கள் ஏராளம். 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை யாராவது நன்றாக வரைந்து கொடுத்தால், அங்கே ரயில் பிடித்துக் காலேஜ் போன ஒருவர் வாங்க மாட்டாரா? அவர் கண்ணில் படுகிற இடத்தில் அந்தப் படம் இல்லை என்பதுதான் குறை. வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை இல்லை. 1972-ம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில் போன்ற சிலரின் படங்களை நாட்டை விட்டு வெளியே போகாமல் தடுக்கிறது. வரைந்தவர் உயிரோடு இருக்கும் வரை ஒரு படத்தை அப்படிக் கலைக்கருவூலமாக அறிவிக்க முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

படத்தைக் காட்டும் இடம் பெரிய கண்ணாடிக் கட்டடமாக இருக்க வேண்டியதில்லை. கல்யாண மண்டபம் காலியாக இருக்கும் ஆடி மாதத்தில் ஒரு வாரம், சர்ச் கூடம், நூலகத்தின் முன்னறை, மெட்ரோ நிலையத்தின் அகலமான நடைபாதை என்று இங்கே சுவர்களுக்குக் குறைவில்லை. பத்துப் பேர் சேர்ந்தால் வாடகை தாங்கும். பணிக்கரோடு இருந்தவர்கள் பாத்திக் விற்றுச் செய்ததை இங்குள்ளவர்கள் சுவர் எழுதும் வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுவில் போட்டுச் செய்யலாம்.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியது

முதன்முதலாக ஓவியம் வாங்குகிறவர் படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் பிடித்ததா இல்லையா என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும், அதில் யாரும் உபதேசம் செய்ய வேண்டாம். பின்பக்கம்தான் விவரம் சொல்லும். கேன்வாஸ் மரச்சட்டத்தில் சுருக்கம் இல்லாமல் இறுக்கமாக இழுத்து அடிக்கப்பட்டிருக்கிறதா, விரலால் லேசாகத் தட்டினால் தொய்வில்லாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஓவியரின் பெயர், படத்தின் தலைப்பு, ஆண்டு, ஆயிலா அக்ரிலிக்கா என்ற குறிப்பு பின்னால் எழுதியிருந்தால் அவர் தன் வேலையை மதிக்கிறவர் என்று அர்த்தம். எழுதியிருக்கவில்லை என்றால் உங்கள் முன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். இதே விவரங்களோடு அளவும் விலையும் தேதியும் போட்ட ரசீது ஒன்று, படத்தோடு ஓவியர் நிற்கும் போட்டோ ஒன்று. நாளைக்கு உங்கள் பேரன் இந்தப் படத்தை விற்க நினைத்தாலும், ஓவியரின் மகள் தன் பங்கைக் கேட்க நினைத்தாலும் இந்தக் காகிதம்தான் சாட்சி.

சந்தையில் ‘கேன்வாஸ் பெயின்டிங்’ என்று விற்பதில் பாதி அச்சடித்தது. சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் தூரிகைத் தடம் மேடு பள்ளமாகத் தெரிய வேண்டும். அச்சின் மேலே தெளிந்த ஜெல்லைத் தடவி ஏமாற்றுவதும் உண்டு. பூதக்கண்ணாடி வைத்தால் அச்சின் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும். அச்சு என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை. ஓவியரே தாமிரத் தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ செதுக்கி, ஐம்பது பிரதி என்று எண்ணி அடித்து, ஓரத்தில் பென்சிலால் 12/50 என்று குறித்துக் கையெழுத்திட்டால் அது அசல் கலைதான். விலையும் கேன்வாஸைவிட எட்டும் தூரத்தில் இருக்கும்.

பேரம் பேசுவதற்குப் பதிலாகத் தவணை கேட்கலாம். சீட்டுக் கட்டியே நகையும் பிரிட்ஜும் வாங்கிப் பழகிய ஊர் இது. 12,000 ரூபாய்ப் படத்தை மாதம் இரண்டாயிரமாக ஆறு மாதத்தில் கொடுக்கிறேன் என்றால் பெரும்பாலான ஓவியர்கள் சம்மதிப்பார்கள். ஆறு மாதம் நிச்சயமாக ஒரு தொகை வரும் என்பது கூலி வேலைக்குப் போகிறவருக்கு எவ்வளவு பெரிய தைரியம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கவனம் வேண்டும். கடற்கரையை ஒட்டிய நம் வீடுகளில் உப்புக் காற்றும் மழைக்கால ஓதமும் ஓவியத்துக்கு எதிரி. மணலி, எண்ணூர் பக்கம் தூசும் சேர்ந்துகொள்ளும். வெளிச்சுவரின் உள்பக்கத்தில் மாட்டாதீர்கள், ஓதம் முதலில் அங்கேதான் ஏறும். பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் சின்னத் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும், பூஞ்சை பிடிக்காது. காகிதத்தில் வரைந்ததற்குக் கண்ணாடி போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், அமிலமில்லாத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். பூஜை விளக்குக்குப் பக்கத்தில் வேண்டாம், கரி படியும். மேற்கு ஜன்னல் வெயிலும் ஆகாது. ஆயில் படம் தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே காய மாதங்கள் பிடிக்கும். வார்னிஷ் அடிப்பதை ஆறு மாதமாவது தள்ளிப்போடச் சொல்வார்கள்.

படம் கிழிந்தாலோ பூஞ்சை பிடித்தாலோ நீங்களாக ஈரத்துணி போட்டுத் துடைக்க வேண்டாம், தெரிந்த பெயின்டரை வைத்து ‘டச்சப்’ செய்யவும் வேண்டாம். பணம் கொடுத்து வாங்கியவருக்கும் படத்தை மாற்றும் உரிமை கிடையாது. தன் படைப்பைச் சிதைத்து, அதனால் தன் பெயருக்குக் கேடு வந்தால் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு ஓவியருக்கு உரிமை தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டபோது, அவர் மத்திய அரசின் மீதே வழக்குத் தொடர்ந்தார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடும், மிஞ்சிய சிற்பத்தை அவரிடமே திருப்பித் தரும்படியும் தீர்ப்பளித்தது. படத்தை மாட்டாமல் பரணில் வைப்பது குற்றமில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. சேதம் என்றால் வரைந்தவருக்கே போன் போடுங்கள். எந்த வண்ணத்தை எதன் மேல் பூசினார் என்று அவருக்குத்தான் தெரியும். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு ஆட்டோ பிடித்து வந்து, தன் படத்தைத் தானே சரிசெய்து தருவார்.